வரப்புச் செடிக்குப் பேர் வந்த கதை

எங்க பச்சைமலை அடிவாரத்துல ஒரு நல்ல மழை விழுந்தா, பத்து பதினஞ்சு நாள்ல வரப்போரமா கீழாநெல்லி தலை காட்டிடும். மஞ்சக்காமாலைன்னு சொன்னதும் நகரத்துக்காரங்களுக்கும் ஞாபகம் வர்ற செடி. இலைக்குக் கீழே வரிசையா குட்டிக் குட்டி நெல்லிக்காய் தொங்கும், அதனால கீழாநெல்லி. இதுல என்ன குழப்பம் வரப்போகுதுன்னுதான் தோணும்.

கைலென்ஸ் ஒண்ணை வச்சு அந்தப் பூவைப் பாருங்க. கடுகைவிடச் சின்னது. ஒரு செடியில பூவிதழ் அஞ்சு இருக்கும். பக்கத்துலயே அதே மாதிரி நிக்கிற இன்னொரு செடியில ஆறு இருக்கும். ரெண்டும் ஒரே இனம் இல்லை. ஆனா ஏறக்குறைய நூறு வருஷமா இந்தியத் தாவரப் புத்தகங்கள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேர்தான் எழுதி வந்தன: பில்லாந்தஸ் நிரூரி. 1985-ல் மித்ரா, ஜெயின் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் உட்கார்ந்து பழைய மாதிரிகளையெல்லாம் எடுத்துப் பாத்து, இந்தியாவில் நிரூரின்னு எழுதினது உண்மையில மூணு செடிகள்னு சொன்னாங்க. அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ். அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி.

இது வெறும் பேர்ச் சண்டைன்னு நினைச்சிடாதீங்க. மஞ்சக்காமாலை வைரஸ்களில் ஒன்றான ஹெபடைட்டிஸ் பி-யைக் கண்டுபிடிச்சு 1976-ல் நோபல் பரிசு வாங்கினவர் ப்ளம்பெர்க். அவரும் அவரோட சேர்ந்த ஆய்வாளர்களும் 1987-ல் நம்ம கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸை என்ன பண்ணுதுன்னு ஒரு கட்டுரை போட்டாங்க. தலைப்பில் இருந்த பேர் பில்லாந்தஸ் நிரூரி. அடுத்த வருஷமே, 1988-ல், சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் ப்ளம்பெர்க்கும் மற்றவர்களும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாத்த முடிவை 'லான்செட்' இதழில் எழுதினாங்க. அங்கே செடியின் பேர் பில்லாந்தஸ் அமாரஸ். முடிவு நம்பிக்கை தர்ற மாதிரிதான் இருந்தது. ஆனா வேற ஊர்களில், வேற நாடுகளில் செஞ்சு பாத்தப்போ அந்தப் பலன் கிடைக்கலை. அப்போ எழுந்த கேள்விகளில் ஒண்ணு: நீங்க கொடுத்ததும் நாங்க கொடுத்ததும் ஒரே செடிதானா? (மஞ்சக்காமாலை வந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. இந்தப் பதிவு வைத்தியம் சொல்றதுக்கு இல்லை.)

ஒரு செடியை இன்னதுன்னு சொல்றதுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய விஷயம் இருக்கு. சரி, நம்ம பக்கத்துச் செடிகளை யார் இப்படி எண்ணி, பிரிச்சு, பேர் வச்சு எழுதினாங்க? முன்னூறு வருஷத்துக் கதை அது. அதுல நம்ம ஊர் ஆளுங்க எங்கே இருந்தாங்கங்கறதையும் சேர்த்துத்தான் சொல்லப்போறேன்.

கோட்டை வைத்தியர்

1690-களில் சென்னை ஜார்ஜ் கோட்டையில சாமுவேல் பிரவுன்னு ஒரு ஆங்கிலேய அறுவை மருத்துவர் இருந்தார். கப்பலில் வர்ற மருந்து பாதி வழியிலேயே கெட்டுப் போயிடும். உள்ளூர்ல என்ன மருந்துச் செடி இருக்குன்னு தெரிஞ்சே ஆகணும். அதனால சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் செடிகளைச் சேகரிச்சு, காயவச்சு, அதோட தமிழ்ப் பேரையும் இங்கத்து ஆளுங்க அதை எதுக்குப் பயன்படுத்துறாங்கங்கறதையும் எழுதி, லண்டனில் இருந்த பெட்டிவர் என்ற மருந்து வணிகருக்கு அனுப்பினார். பெட்டிவர் அதையெல்லாம் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாக்கினார். அப்போ ஐரோப்பியர்கள் தமிழை 'மலபார்' மொழின்னு சொல்லுவாங்க, அதனால நம்ம பேர்கள் மலபார்ப் பேர்கள்னு பதிவாச்சு. அந்தக் காய்ந்த செடிகள் இன்னிக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு.

சென்னையிலிருந்து போன செடிகளை லண்டனில் இன்னொருத்தரும், புளூக்கனெட்னு பேரு, படம் போட்டுப் புத்தகமாக்கினார். 'மதராசபட்டினத்துச் செடி'ன்னு அதுகளுக்கு நீளமான லத்தீன் பேரு. பின்னால 1753-ல் சுவீடன்காரர் லின்னேயஸ், உலகத்துச் செடிகளுக்கெல்லாம் ரெட்டைப் பேர் வைக்கிற முறையைக் கொண்டு வந்தப்போ இந்தப் பழைய படங்களையும் எடுத்துக்கிட்டார். அதனாலதான் மேலாநெல்லிக்கு பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ்னு பேரு. சளிக்கு அடை சுட்டுத் தர்ற முசுமுசுக்கைக்கு குக்குமிஸ் மதராஸ்படானஸ். சென்னைவாசிகளே, உங்க ஊர்ப் பேரைச் சுமந்துக்கிட்டு எங்க வேலியில ரெண்டு செடி நிக்குது.

பிரவுன் பேர் கிடைச்சுது, பெட்டிவர் பேர் கிடைச்சுது. ஆனா "ஐயா, இதுக்குப் பேரு இது"ன்னு அவருக்குச் சொன்னது யாரு? அதுக்கு விடையே இல்லை.

மேற்குக் கரையில நிலைமை வேற மாதிரி இருந்தது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கொச்சியில டச்சு ஆளுநரா இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிக்கஸ்', 1678-லிருந்து 1693 வரைக்கும் பன்னிரண்டு தொகுதியா வெளியாச்சு. அதுல இட்டி அச்சுதன்ங்கற ஈழவ வைத்தியரோட பேரும், செடிகளைப் பத்தி அவர் சொன்னதுக்கான சான்றுரையும் அவர் கையெழுத்தோட வடிவத்துலயே முதல் தொகுதியில அச்சாகியிருக்கு. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட்னு மூணு பேரும் பேரோட வர்றாங்க. சொல்லிக் கொடுத்தவனோட பேரைப் போடணும்னு நினைச்சா அந்தக் காலத்துலயும் முடிஞ்சிருக்கு. கிழக்குக் கரையில அது நடக்கலை, அவ்வளவுதான்.

தரங்கம்பாடி

அடுத்த இடம் தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க கோட்டை. 1768-ல் அங்கே மிஷன் வைத்தியரா வந்து இறங்கினவர் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக். அவர் லின்னேயஸிடமே பாடம் படிச்சவர். இந்தியாவுக்கு லின்னேயஸ் முறையை நேரடியாகக் கொண்டு வந்தவர் இவர். பூவோட மகரந்தத் தாள் எத்தனை, சூல்முடி எத்தனைன்னு எண்ணி, செடியை அதுக்குரிய கட்டத்துல போடுற முறை அது. மிஷன் சம்பளம் அவருக்குப் பத்தலை. ஆற்காடு நவாபிடம் வேலைக்குப் போனார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனார். 1785-ல் காக்கிநாடா பக்கத்துல இறந்து போனார்.

நீங்க தினமும் அவர் பேரைத் தட்டோரமா ஒதுக்கி வைக்கிறீங்க. கறிவேப்பிலையோட அறிவியல் பேர்ல வர்ற கோனிகிங்கறது இவர்தான். தவசு முருங்கைக்கு லின்னேயஸின் மகன் வச்ச பேர் ஜஸ்டிசியா ட்ராங்குபாரியென்சிஸ், அதாவது தரங்கம்பாடியது. சோழமண்டலக் கரையும் விடுபடலை: எங்க ஊர்ல வேலிக்கால் போடுற ஒதிய மரம் லானியா கோரமாண்டலிக்கா.

கோனிக்குக்குப் பிறகு தரங்கம்பாடி மிஷனரிகள் சிலர் செடி சேகரிக்கிறதைத் தொடர்ந்து செய்தாங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ரோட்லர். 1776-ல் வந்தார், 1836-ல் சென்னை வேப்பேரியில இறந்தார். அறுபது வருஷம் நம்ம நாட்டுலயே இருந்தவர். அவர் சேர்த்த செடிகள் கடைசியில லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதே ரோட்லர்தான் தமிழ்-ஆங்கில அகராதி ஒண்ணையும் தொகுத்தார். 1834-லிருந்து 1841 வரைக்கும் வேப்பேரி மிஷன் அச்சகத்துல அது வெளியாச்சு. அவர் போன பிறகு மத்தவங்க முடிச்சு வச்சாங்க. செடியும் சொல்லும் ஒரே ஆள் கையில இருந்த காலம் அது.

ரங்கையாவும் கோவிந்தும்

கோனிக்கோட கடைசி நாட்களில் கூட இருந்தவர் ராக்ஸ்பர்க். இவரும் வைத்தியர்தான். சாமல்கோட்டையில இருந்தபடி உள்ளூர் ஓவியர்களை வச்சு வரைய வச்ச படங்கள், 'சோழமண்டலக் கரைச் செடிகள்'னு 1795-லிருந்து 1820 வரைக்கும் மூணு தொகுதியா, முன்னூறு படங்களோட லண்டன்ல வந்தது. வரைஞ்சவங்க பேர் அதுலயும் இல்லை.

அடுத்து வந்தவர் ராபர்ட் வைட். 1819-ல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து வைத்தியர். 1826-ல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைச்சது. ரெண்டே வருஷத்துல, செலவு ஜாஸ்தின்னு கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே எடுத்துட்டார். வைட்டை நாகப்பட்டினத்துக்கு ராணுவ வைத்தியரா அனுப்பிட்டாங்க. மனுஷன் அசரலை. கைக்காசு போட்டு உள்ளூர் சேகரிப்பாளர்களை ஊர் ஊரா அனுப்பினார். 1831-ல் விடுப்புல ஊருக்குப் போனப்போ அவர் கையில இருந்த மாதிரிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். அதை வச்சு நண்பர் ஆர்னட்டோட சேர்ந்து 1834-ல் தீபகற்ப இந்தியாவின் செடிகளைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல பழைய லின்னேயஸ் கட்டங்களை விட்டுட்டு, செடிகளைக் குடும்பம் குடும்பமா அடுக்கினாங்க. துளசி, தும்பை, புதினா எல்லாத்துக்கும் நாலுபட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு மாதிரிப் பூ. அப்போ இதெல்லாம் ஒரு குடும்பம். மகரந்தத் தாளை மட்டும் எண்ணாம செடியை முழுசாப் பார்க்கிற முறை. நம்ம ஆளுங்க "இது தும்பை ஜாதி"ன்னு சொல்றதுக்கு இது ரொம்பக் கிட்ட வரும்.

திரும்பி வந்தப்புறம் வைட் 1838-லிருந்து 1853 வரைக்கும் ஆறு தொகுதி படப் புத்தகம் போட்டார். இரண்டாயிரத்து நூறு படங்கள் சொச்சம். சென்னையிலேயே கல்லச்சுல அச்சானது. இதுக்கு நடுவுல கோயம்புத்தூர்ல அமெரிக்கப் பருத்தியை நம்ம மண்ணுல விளைவிக்கிற வேலையும் அவர் தலையில விழுந்தது. பருத்தி சரியா வரலை. படங்கள் வந்தது.

அந்தப் படங்களை வரைஞ்சது ரெண்டு ஓவியர்கள். முதல்ல ரங்கையா, பிறகு கோவிந்து. கிழக்குக் கரைக் கதையில நம்ம பக்கத்து ஆளுங்க பேர் அச்சுல வர்றது இங்கேதான். படத்தோட மூலையில பேர் இருக்கும். அவங்க கையால வரைஞ்ச மூலப் படங்கள் இப்போ எடின்பரோ தாவரவியல் தோட்டத்துல பத்திரமா இருக்கு. வைட் இன்னொரு நல்ல காரியமும் பண்ணார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயான்னு பேர் வச்சார். கவர்னர்கள், துரைமார்கள், துரைசானிகள் பேரையே செடிக்கு வச்ச காலத்துல, தன்கிட்ட சம்பளத்துக்கு வேலை பாத்த ஓவியர் பேரை வச்சிருக்கார்.

ஆனா அந்தப் பேர் நிலைக்கலை. ஏற்கெனவே ட்ரோபிடியான்னு வேறொரு பேரினம் இருந்தது, இது அதுலயே அடங்கும்னு பிறகு தெரிஞ்சது. தாவரவியல் விதிப்படி முதல்ல வச்ச பேருக்குத்தான் உரிமை. இதுல யாரோட சதியும் இல்லை, விதி அப்படி. கோவிந்தூயா இப்போ அடிக்குறிப்புல மட்டும் இருக்கு.

மூலப்பத்திரம் எங்கே?

நிலம் வாங்குறவங்க மூலப்பத்திரம் கேப்பாங்க இல்லீங்களா, செடிக்கும் அது உண்டு. முதன்முதலா ஒரு செடிக்குப் பேர் வைக்கும்போது எந்தக் காய்ந்த மாதிரியை வச்சுப் பேர் வச்சாங்களோ, அதுதான் அந்தப் பேருக்கு மூலப்பத்திரம். வகை மாதிரின்னு சொல்றாங்க. நாளைக்கு ஒரு சந்தேகம்னா அதைத்தான் எடுத்துப் பாக்கணும். செடியை நியூஸ்பேப்பர்ல அழுத்திக் காயவச்சு, தடிமனான அட்டையில ஒட்டி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறிச்சது, பூ என்ன நிறம், உள்ளூர்ல என்ன பேர்னு சீட்டு எழுதி வச்சாத்தான் அது செல்லும். சீட்டு இல்லாத மாதிரி, கையெழுத்தில்லாத பத்திரம் மாதிரி.

நம்ம வரப்புச் செடிகளோட மூலப்பத்திரத்துல பெரும்பாலானது லண்டன், கியூ, எடின்பரோ, கோப்பன்ஹேகன்னு இருக்கு. இதனால ரொம்ப காலத்துக்கு நம்ம செடியை உறுதியா இன்னதுன்னு சொல்லணும்னா கடல் தாண்டிப் போகணும்.

அந்தத் தொல்லையைப் பெரிய அளவுல குறைச்ச புத்தகம் காம்பிளோடது. ஜேம்ஸ் சைக்ஸ் காம்பிள் வனத்துறை அதிகாரி. 1899-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய், 1915-லிருந்து 'சென்னை மாகாணத் தாவரங்கள்' நூலைப் பகுதி பகுதியா வெளியிட ஆரம்பிச்சார். 1925-ல் அவர் இறந்து போக, மீதியை ஃபிஷர் எழுதி 1936-ல் முடிச்சார். மொத்தம் பதினோரு பகுதி. அதுக்கு முன்னாடி நம்மகிட்ட இருந்தது ஹூக்கர் 1872-லிருந்து 1897 வரைக்கும் போட்ட ஏழு தொகுதி. முழு இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்து எழுதினது. ஒரு வரப்புச் செடியைத் தேட இமயமலை வரைக்கும் சுத்தி வரணும். காம்பிள் அதைச் சென்னை மாகாணத்துக்குள்ள சுருக்கிக் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தோட உயிர், 'திறவுகோல்'ங்கற பகுதி. வழி கேக்குற மாதிரிதான் அதுவும். பஸ்ஸை விட்டு இறங்குனா ரெண்டு ரோடு பிரியும், ஆலமரம் இருக்கிற பக்கம் திரும்பு. அப்புறம் ரெண்டா பிரியும், வாய்க்கால் தாண்டாதே. இப்படி ஒவ்வொரு முச்சந்தியிலயும் ஒரே ஒரு கேள்வி. எருக்கை எடுத்துக்கங்க. இதழ் தனித்தனியா, ஒட்டியிருக்கா? ஒட்டியிருக்கு. இலை மாத்தி மாத்தியா, எதிரெதிரா? எதிரெதிர். உடைச்சா பால் வருதா? வருது. மகரந்தம் பொடியா இருக்கா, கட்டியா இருக்கா? கட்டி. அவ்வளவுதான், எருக்கு குடும்பத்துக்கு வந்து சேர்ந்துட்டீங்க. போன் ஆப் ஒரு போட்டோவைப் பாத்துட்டு ஊகத்துல ஒரு பேர் சொல்லும். திறவுகோல் அப்படி விடாது, பூவைப் பிரிச்சுப் பாக்க வச்சிடும்.

காம்பிளுக்கு இங்கேயிருந்து மாதிரி கொடுத்தவர்களில் முக்கியமானவர் பார்பர். 1898-ல் சென்னை அரசின் தாவரவியலாளரா வந்தார். மாகாணத்தோட ஹெர்பேரியம் 1909-ல் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்கு மாறினது. இன்னிக்கும் அந்த வளாகத்துலதான், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட பொறுப்புல இருக்கு. பார்பர் 1912-ல் கரும்பு ஆராய்ச்சிக்கு மாறிட்டார். அவரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து, 'வெள்ளை'ங்கற நல்ல கரும்பை, கோயம்புத்தூர்ப் பக்கம் தானா வளர்ற நாணல் மாதிரியான காட்டுக்கரும்போட ஒட்டுச் சேர்த்தாங்க. அதுல வந்தது கோ 205. 1918-ல் வெளியாகி வடநாட்டுக் கரும்புச் சாகுபடியையே மாத்தினது. ஆத்தோரத்துல நிக்கிறது வெறும் புல்லு இல்லை, கரும்போட சொந்தக்காரன்னு தெரிஞ்சாத்தான் அந்த ஒட்டு நடக்கும். செடிகளை வகை பிரிக்கிறதால விவசாயிக்கு என்ன லாபம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான்.

நம்ம ஆளுங்க எழுதினது

அதே கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்து நம்மவங்களும் எழுத ஆரம்பிச்சாங்க. ரங்காச்சாரியார் 1921-ல் தென்னிந்தியப் புற்களைப் பத்தி ஒரு கையேடு போட்டார். 1932-ல் ததுலிங்கமும் வெங்கடநாராயணாவும் தென்னிந்தியக் களைகளைப் பத்தி இன்னொரு கையேடு போட்டாங்க. சென்னை அருங்காட்சியகத்துல இருந்த மயூரநாதன் 1929-ல் சென்னை நகரத்துலயும் சுத்துப்புறத்துலயும் பூக்குற செடிகளைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நீங்க சென்னைவாசியா இருந்தா அதைத் தேடிப் படிங்க. இன்னிக்கு பில்டிங்கா நிக்கிற இடத்துல எல்லாம் என்னென்ன பூத்துச்சுன்னு தெரியும்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. தாவரவியல் படிச்சவங்க பெரும்பாலும் மலையேறிடுவாங்க. நீலகிரிக்கும் பழனிமலைக்கும் ஃபைசன் 1915-லிருந்து 1920-க்குள்ளயே தனிப் புத்தகம் போட்டுட்டார். மலை குளிர்ச்சியா இருக்கும், ஆர்க்கிட் இருக்கும். எங்க பக்கம் மாதிரி வெயில் காய்ற பொட்டல், கருவேலங்காடு, கம்மாக்கரை, கடலைக்காடு, இதையெல்லாம் யாரு சீந்துவா?

சீந்தினவர் கே.எம். மேத்யூ. 1930-ல் பிறந்த இயேசு சபைத் துறவி. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில 1967-ல் ராப்பினாட் ஹெர்பேரியத்தை உண்டாக்கினார். முன்னாடி அங்கே தாவரவியல் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சுக்காரத் துறவியோட பேரு அது. காவிரிச் சமவெளியும் கொல்லிமலை, ஏற்காடு, பச்சைமலை மாதிரியான கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் சேர்ந்த பகுதியை மாணவர்களோட வருஷக்கணக்கா சுத்தி, 'தமிழ்நாடு கர்நாடகப் பகுதித் தாவரங்கள்' நூலை 1981-லிருந்து 1988 வரைக்கும் வெளியிட்டார். கர்நாடகம்னு இங்கே சொல்றது பக்கத்து மாநிலத்தை இல்லைங்க, ஆற்காடு நவாப் காலத்துல கிழக்குச் சமவெளிக்கு இருந்த பழைய பேரு. எழுத்துத் தொகுதிக்குச் சமமா கோட்டோவியத் தொகுதிகள். எங்க வரப்புல நிக்கிற நெருஞ்சியும் நாயுருவியும் விதை முதக்கொண்டு வரைஞ்சிருக்கு. பிறகு பழனிமலைக்கும் 1999-ல் ஒரு நூல் போட்டார். 2004-ல் மறைஞ்சார். ஆனா அவர் வச்ச மாதிரிகள் திருச்சியில இருக்கு. எங்க மலைச் செடியைப் பாக்க லண்டன் போக வேண்டாம், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா போதும்.

புத்தகம் வந்ததோட வேலை முடிஞ்சதா? முடியலை. எருக்கு குடும்பத்தை இப்போ அரளிக் குடும்பத்தோட சேர்த்துட்டாங்க. மரபணுவை ஒப்பிட்டுப் பாத்ததுல நொச்சியும் தேக்கும் தும்பைக் குடும்பத்துக்கு வந்துடுச்சு. வரப்புல இருக்கிற துளசியும் காட்டுல இருக்கிற தேக்கும் பங்காளிங்க. பேர் மாறுறதைப் பாத்து எரிச்சல்படுறவங்க உண்டு. நிலத்தைத் திரும்ப அளந்தா சர்வே எண் மாறுற மாதிரிதான் அது. நிலம் அங்கேயேதான் இருக்கும்.

என் கவலை, அந்த நிலத்துல செடி அங்கேயே இருக்கான்னுதான். காம்பிள் புத்தகத்துல பார்த்தீனியம் கிடையாது. 1950-களில் புனேயில பாத்து, 1956-ல்தான் இந்தியாவுக்குப் புதுசுன்னு எழுதினாங்க. இன்னிக்கு எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துப் பையன்கிட்ட செடி பேர் கேட்டா முதல்ல சொல்றது அதைத்தான். ஒரு நூறு வருஷத்துக்குள்ள வரப்பு எப்படி மாறியிருக்குன்னு நமக்குத் தெரியுதுன்னா, அதுக்குக் காரணம் யாரோ ஒருத்தர் தேதி போட்டு எழுதி வச்சதுதான். எழுதி வைக்காம இருந்திருந்தா, எது வந்துச்சு எது போச்சுன்னு நமக்குக் கணக்கே இருந்திருக்காது.

செடி இருந்தும் பேர் போயிடுறது இன்னொரு வகை இழப்பு. எங்க அப்பாயி காலத்துல சோளக்காட்டுக்குக் களை எடுக்கப் போற பொம்பளைங்க மடியில கீரையோடதான் வீட்டுக்கு வருவாங்க. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை. எது கொழுந்துல நல்லாருக்கும், எதைப் பூத்த பிறகு தொடக்கூடாது, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. இப்போ மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சுடுறோம், நானும்தான். ஆள் கிடைக்கிறதில்லை, கிடைச்சாலும் கூலி கட்டுபடியாகுறதில்லை. களை எடுக்கிற வேலை போனதும், அந்த வேலையோட சேர்ந்து இருந்த அறிவும் போகுது. எங்க பக்கம் இந்தப் பேரெல்லாம் தெரிஞ்ச பெரியம்மாக்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருப்பாங்க. அத்தனை பேருக்கும் எழுபது தாண்டிடுச்சு.

பிரவுனுக்கும் கோனிக்குக்கும் வைட்டோட ஆளுங்களுக்கும் பேர் சொன்னது இவங்களை மாதிரி ஆளுங்கதான்னு நான் நினைக்கிறேன். புத்தகத்துல 'தமிழ்ப் பேர்'னு ஒரு வார்த்தை இருக்கும், அதைச் சொன்ன வாய் இருக்காது. 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலயும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கணும். செடியோட, அதைப் பத்தி ஊர் ஆளுங்களுக்குத் தெரிஞ்சதையும் அதுல எழுதணும். கிராம சபை நடக்கும்போது உங்க ஊர்ப் பதிவேடு எங்கேன்னு நீங்களே கேக்கலாம், அது உங்க உரிமை.

அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்கள்ல, ஒரு பழைய நியூஸ்பேப்பர் எடுத்துக்கங்க. வரப்புல பூவோட நிக்கிற செடி ஒண்ணே ஒண்ணு பறிங்க. மடிச்சு வச்சு மேல கனமா எதையாவது வைங்க, ரெண்டு நாளைக்கு ஒருதரம் தாளை மாத்துங்க. காஞ்சதும் ஊர், தேதி, மண்ணு கரிசலா செம்மண்ணா, பூவோட நிறம் எழுதுங்க. கடைசியா ரெண்டு வரி: ஊர்ல இதுக்கு என்ன பேரு, அந்தப் பேரைச் சொன்னது யாரு. "எங்க பெரியம்மா"ன்னு எழுதி நிறுத்திடாதீங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு, அவங்க பேரை முழுசா எழுதுங்க.